சொசைட்டி செக்ரட்டரி பொன்செல்வி

பொன்செல்விக்கு வயது இருபத்து நாலு. முகம் மட்டும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதனால் இந்தி வெப் சீரிஸ்களில் அவளுக்கு ஒரே மாதிரி வேஷம்தான். வீட்டை விட்டு ஓடும் பெண், கதவை அடைத்துக்கொண்டு அழும் பெண், போதை மாத்திரையோடு பள்ளிக்கூடத்தில் பிடிபடும் பெண். நன்றாக நடித்தாள். ரொம்ப நன்றாக நடித்ததுதான் வினை.

தாராவியில் பக்கத்து வீட்டு ஏஞ்சலம்மாள் ஒருநாள் அவள் அம்மா அன்னத்தாயைச் சந்தில் நிறுத்தி மெதுவாகக் கேட்டாள்.

"மைனி, பிள்ளைக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே? சபையில சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லட்டா?"

"அது நடிப்பு மைனி!"

"அவ கண்ணப் பாத்தா நடிப்பு மாதிரி தெரியலியே."

அன்னத்தாய் வந்து இதைச் சொன்னதும் பொன்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "எனக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னு எவனுக்கும் தெரியாதும்மா," என்றாள்.

அடுத்த வாரம் அந்தேரியில் ஒரு ஆடிஷன். ஆள் தேர்வு செய்பவர் ஷாகிர். இந்தத் தடவை அம்மாவோடு சண்டை போட்டுக் கண்ணாடியை உடைக்கும் பெண். ஒரே முயற்சியில் முடித்துக் கொடுத்தாள்.

"இதுக்கு உன்னை விட்டா வேற யாரு?" என்றார் ஷாகிர்.

மேசையில் அதே தொடரின் இன்னொரு காட்சி எழுதிய தாள் கிடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றையே ஆட்டிவைக்கும் சொசைட்டி செக்ரட்டரி, அதாவது குடியிருப்போர் சங்கச் செயலாளர், நாற்பது வயதுக்காரி. அதற்கு வரவேண்டிய நடிகை, மழையில் குர்லாவில் ரயிலோடு நின்றுவிட்டாராம்.

"இதை நான் செஞ்சு காட்டட்டா?"

ஷாகிர் சிரித்தார். "உன் மூஞ்சிக்கு அழுகைதான் எடுபடும்."

"பிடிக்கலைன்னா அழிச்சிடுங்க சார்."

துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டினாள். கேமராக்காரர் நாகராஜின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். இந்தியைத் திருநெல்வேலி இழுவையில் இழுத்து, ஷாகிரை நோக்கி விரலை நீட்டினாள்.

"நாலாவது மாடி! உங்க வீட்டுக் குழாய் விடிய விடியக் கொட்டுதே, அது என்ன குற்றாலமா? நாங்க எண்ணெய் தேச்சிட்டு வரவா?"

குற்றாலம் எங்கே இருக்கிறதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் நாகராஜ் சிரித்த சிரிப்பில் கேமரா குலுங்கியது. ஷாகிர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வயசுதான் உதைக்குது," என்று முனகினார்.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். செக்ரட்டரியின் வயதைக் குறைத்து எழுதிவிட்டார்களாம்.

"இதுலயாவது அழாம இருப்பியாட்டி?" என்றாள் அன்னத்தாய்.

"நான் அழ மாட்டேன். மத்தவங்களத்தான் அழ வைப்பேன்."

படப்பிடிப்பு செம்பூரில், ஒரு பழைய குடியிருப்பில். முதல் நாள் அன்னத்தாயும் கூட வந்திருந்தாள். இடைவேளையில், காட்டன் புடவையும் இடுப்பில் சாவிக்கொத்துமாகப் பொன்செல்வி வாசலில் நின்றபோது, அங்கேயே குடியிருக்கும் வெங்கடேஷ் என்ற பெரியவர் பால் பாக்கெட்டோடு வந்தார். அவள் பேச்சைக் கேட்டிருப்பார் போல, தமிழிலேயே ஆரம்பித்தார்.

"புது செக்ரட்டரி நீங்கதானா? மொட்டை மாடித் தொட்டி காலையிலேர்ந்து வழியறதும்மா. கேக்க நாதியில்லை."

நான் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் மனம் மாறியது. அண்ணாந்து இந்தியில் ஒரு சத்தம் போட்டாள்.

"யாரது மேலே? மோட்டாரை நிறுத்து!"

"நிறுத்திட்டேன் மேடம்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் பதறியது. சுவரில் வழிந்த தண்ணீர் மெல்ல நின்றது.

"இப்படி ஒருத்தர் இந்த பில்டிங்குக்கு எப்பவோ வந்திருக்கணும்," என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதற்குள் முதல் மாடியிலிருந்து ஒரு பெண்மணி, ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்று வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

பொன்செல்வி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.