பூதம் தமிழ் பேசிய நாட்கள்

திருப்பூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த தியேட்டரில், பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது அமராவதியின் வேலை. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பதினெட்டு வயதில் ஒரு சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டி சரிந்து, அவளுடைய இடது கன்னமும் கழுத்தும் வெந்துபோயின. ஆவி தொண்டைக்குள்ளும் இறங்கியதில் குரல் ஆண்பிள்ளைக் குரலைவிடக் கட்டையாகிவிட்டது. நிச்சயம் செய்திருந்த கல்யாணம் அதோடு நின்றது. போதாததற்கு ஆறடி உயரம். நல்லூரில் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தாள். சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள். பிள்ளைகள் அவள் விரல் படாமல் நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள்.

அறுபத்து நாலாம் வருடம் காலாண்டுப் பரீட்சை லீவுக்கு, காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு காட்சி போட்டார்கள். ஓர் இங்கிலீஷ் படம், அதற்கு முன்னால் பத்து நிமிஷத்துக்கு ஒரு கார்ட்டூன். கார்ட்டூனில் ஒரு பூதம். உடம்பெல்லாம் சடைசடையாக மயிர், பானை வயிறு, அதைத் தாங்க முடியாத குட்டிக் கால்கள். பாழடைந்த கோட்டையில் தனியாக இருக்கும். யாராவது வரமாட்டார்களா என்று தினமும் சமைத்துப் பரப்பி வைக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் அலறிக்கொண்டு ஓடுவார்கள். கடைசியில் வழி தவறிய வாத்துக்குஞ்சு ஒன்று, அதை மரம் என்று நினைத்து ஏறி, தலைமயிருக்குள் படுத்துத் தூங்கிவிடும். குஞ்சு விழித்துக்கொள்ளக் கூடாதென்று பூதம் மழையிலும் வெயிலிலும் அசையாமல் நிற்கும். அவ்வளவுதான் கதை. அது என்னவோ இங்கிலீஷில் முனகும், யாருக்கும் புரியாது.

முதல் நாளே அமராவதி வாசல் திரையைப் பிடித்தபடி நின்று முழுவதையும் பார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கார்ட்டூன் ஓடத் தொடங்கியதும் சத்தம் நின்றுபோயிற்று. மெஷினில் சத்தத்தை எடுத்துத் தருகிற சவுண்டு பல்பு போய்விட்டது, புதியது கோயமுத்தூரிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். அமராவதிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அது என்ன சொல்கிறதென்று யாரையோ கேட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. அமராவதி அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"ஓடாதீங்க சாமி. சோறு ஆறிப் போகுது, ஒரு வாய் தின்னுட்டுப் போங்க."

கொட்டகை சட்டென்று அடங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. அவள் நிறுத்தவில்லை. ஓடுகிற ஒவ்வொருவரையும் பூதம் கெஞ்சிக் கூப்பிட்டது. குஞ்சு தலையில் ஏறிப் படுத்ததும், அந்தக் கட்டைக் குரல் தணிந்து, "தூங்கு கண்ணு. நா அசையறதில்ல" என்றது. அந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கூட்டம் இரட்டிப்பாயிற்று. பல்பு வந்துவிட்டிருந்தது. ஆனாலும் மேனேஜர் கந்தப்பன், கார்ட்டூனுக்கு மட்டும் சத்தத்தை அணைத்துவிடும்படி ஆபரேட்டர் கியாசுதீனிடம் சொன்னார். அமராவதிக்குத் திரைக்குப் பின்னால் ஒரு மைக்கும் முக்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். பேசுவது யாரென்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், பார்த்தால் பயந்துகொள்ளும் என்றார் கந்தப்பன். நல்ல மனிதர்தான், அதைத் தன்மையாகத்தான் சொன்னார். அமராவதி சரிங்க என்றாள்.

திரைக்குப் பின்னால் படம் இடவலம் மாறித் தெரிந்தது. அவ்வளவு பெரிய பூதம் அவளுக்கு ஓர் அடி தூரத்தில் நின்றது. பேசி முடித்ததும் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நானூறு பிள்ளைகளின் கைதட்டல் வரும். அவள் முக்காலியை ஓரமாக வைத்துவிட்டுப் பின்வழியாகச் சுற்றி வாசலுக்குப் போய்விடுவாள்.

காட்சி முடிந்து பிள்ளைகள் அவளைத் தாண்டித்தான் வெளியே போனார்கள். சோறு ஆறிப் போகுது என்று தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு ஒருவரையொருவர் துரத்தினார்கள். ஒரு நாள் அப்படி ஓடிவந்த பெண்பிள்ளை ஒன்று நேராக அவள் மேல் மோதி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தது. தலைப்பு நழுவியிருந்தது. பிள்ளை வாய் கோணி, அழக்கூட முடியாமல் பின்பக்கமாகவே நகர்ந்து கூட்டத்துக்குள் போய்விட்டது. அமராவதி அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கியாசுதீன் இறங்கி வந்தார்.

"ஏனம்மிணி, ஒரு வார்த்தை பேசியிருந்தா அது உங்க கையைப் புடிச்சிருக்குமே?"

"பேசினா அவங்களுக்கு அந்தப் பூதம் போயிருமுங்க பாய்" என்றாள். "நாந்தான் மிஞ்சுவேன்."



லீவு முடிந்தது. படப்பெட்டியை அடுத்த தியேட்டருக்கென்று பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மைக் ஆபீஸ் அறைக்குத் திரும்பியது. அமராவதி பழையபடி வாசலில் நின்றாள். பகலெல்லாம் பேசாமல் இருப்பது முன்பு அவளுக்குப் பழகியிருந்தது, இப்போது முடியவில்லை. ராத்திரி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தியபின், பூதம் சொன்னவற்றைச் சுவரைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு வரிக்குமேல் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக அரைநாள் லீவு கேட்டாள். அன்று விடிகாலை பஸ் பிடித்துப் பொள்ளாச்சித் தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போனாள். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் வாங்கி, மற்றவர்களைப்போல் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. பூதம் வந்தது, இங்கிலீஷில் முனகியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரித்தார்கள். வாத்துக்குஞ்சு ஏறும்போது முன்வரிசைப் பிள்ளைகள் முறுக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமராவதியின் பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அது எதுக்கும்மா அசையாம நிக்குது என்று மகள் கேட்டாள். தெரியலையே கண்ணு என்றாள் அம்மா. அமராவதி வாயைத் திறந்தாள். சேலைத் தலைப்பு கையிலேயே இருந்தது. அதை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பெரிய படம் தொடங்குவதற்குள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலக் காட்சிக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். கியாசுதீன் டீ வாங்கிவந்து ஒரு தம்ளரை அவளிடம் நீட்டினார். எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். பஸ், தியேட்டர், முறுக்குச் சண்டை எல்லாவற்றையும் சொன்னாள். அவளிடமிருந்து அத்தனை பேச்சை அவர் கேட்டதே இல்லை. மேலே மெஷினைப் போட நேரமாகியும் படிக்கட்டில் உட்கார்ந்தே கேட்டார்.

"அங்க பூதம் எடுபட்டுச்சா அம்மிணி?"

"இல்லீங்க பாய்" என்றாள். "நல்லாத்தான் பேசுது. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல."