குஸ்தோதியோவின் பச்சை சைக்கிள்

யாரும் என் மேல் கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குஸ்தோதியோ நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து ரெண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்து ஒரு வாரம் படுத்திருப்பேன். பால் கறக்கிற கை, நன்றாகவே விழுந்திருக்கும். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

என் பெயர் சதுர்னினோ செலி. நோட்டரி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் பத்திரம் சரிபார்த்தவன். ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்பப் பத்திரம் இல்லை, ஆட்களைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் நோப்சாவின் பழைய சைக்கிள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பழைய சைக்கிள் என்று இப்போது நானே சொல்கிறேன் பாருங்கள்! அப்போது யாராவது என் எதிரில் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா?

"பழசுங்கிறது காயலான் கடைக்குப் போறது. நம்மளது பழம்பெரும் சைக்கிள். அப்படிச் சொல்லிப் பழகுங்க" என்பேன்.

சீட் என்றால் பிடிக்காது. "பஸ்லதான்யா சீட்டு. இதுக்குப் பேரு சேணம்." செயின் பக்கத்தைச் சுவரில் சாய்த்தால் பிடிக்காது. கம்பளிப் போர்வை போடாமல் மினுமினுக்கிற ரப்பர் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்கு வந்தால் பிடிக்காது. பேக்கரி வைத்திருக்கும் எவெலியோ பேச்சுக்கு நடுவில் சும்மா சும்மா பெல்லை அடிப்பார், அதுவும் பிடிக்காது. "உனக்குப் பிடிச்சது ஒண்ணாவது சொல்லு, ஊர் கூடிக் கொண்டாடுவோம்" என்று அவர் கிண்டலடிப்பார்.

எல்லாவற்றையும்விட என் உயிரை எடுத்த வார்த்தை அசல். கார்மென் மாதா திருநாளில், ஜூலை பதினாறாம் தேதி, ஊரில் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். லாரி, டாக்ஸி, டிராக்டர் எல்லாம் முடிந்து கடைசியில் எங்கள் சைக்கிள்கள். ஒவ்வொரு ஹேண்டில்பாரிலும் நான் ஒரு அட்டை கட்டுவேன். உடையவர் பெயர், அதன் கீழே சைக்கிளின் வகை. தொழிற்சாலையிலிருந்து வந்த பெயிண்ட்டோடு இருந்தால் 'அசல்'. கெட்டுப்போனதை முறைப்படி சரிசெய்திருந்தால் 'புதுப்பித்தது'. மூன்றாவது நானாகச் சேர்த்த வகை: 'பூசிமெழுகியது'. பாதிரியார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தீர்த்தம் தெளிப்பார்.

மூன்றாவது வகையில் வருஷா வருஷம் ஒரே ஒரு பெயர்தான். குஸ்தோதியோ சியாசோகே.

அந்த சைக்கிளைப் பார்த்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட், பிரஷ்ஷால் அப்பியது. பிரஷ் மயிர்கூட ரெண்டு மூன்று அதிலேயே ஒட்டிக் காய்ந்திருக்கும். மட்கார்டில் பெயிண்ட் வழிந்து சொட்டாக நிற்கும். அதில் ரெண்டு பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் ஊரைச் சுற்றுவார். திருநாளன்று கேன்களைக் கழற்றிவிட்டு, தலையைப் படிய வாரி, வரிசையில் வந்து நிற்பார்.

"என்ன வகை?" என்று கேட்பேன், தெரியாதவன் மாதிரி.

"அசல்தான் டோன் சதுர்னினோ." ஆணுக்கு டோன், பெண்ணுக்கு டோன்யா, எங்கள் ஊர் மரியாதை அப்படி.

"டோன் குஸ்தோதியோ, அசல்னா என்னன்னு போன வருஷமும் சொன்னேன், அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன். இது உங்க மாட்டுக்கொட்டகை கேட்டுக்கு அடிச்சு மிஞ்சின பெயிண்டு. இதைப் போயி அசல்னா நாளைக்கு என் வழுக்கையையும் அசல் முடின்னு எழுதணும்."

வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் லேசாகச் சிரிப்பார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ எழுதுங்க. எனக்கு இதுதான் அசல்" என்பார். நான் பூசிமெழுகியது என்று பெரிய எழுத்தில் எழுதுவேன்.

போன வருஷம் ஜூன் கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பித்தப்பையில் கல், பக்கத்து டவுன் சொகமோசோவில் ஆபரேஷன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"பின் பிரேக் பிடிக்கல. ரப்பர் மாத்திக் கொடுத்தீங்கன்னா திருநாளுக்குத் தயாரா இருக்கும். என்னால ஓட்ட முடியாது, தள்ளிக்கிட்டாவது வந்துடுவேன். வீட்டுக்காரி இஸ்மேனியாவும் வர்றேங்கிறா."

"விட்டுட்டுப் போங்க. பார்த்துக்கறேன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "பிரேக் மட்டும் போதும் டோன் சதுர்னினோ. வேற எதையும் தொட்டுடாதீங்க. பச்சை அப்படியே இருக்கட்டும்."

"சரி சரி" என்றேன். இந்தக் காதால் கேட்டுத்தான் சரி என்றேன்.

பிரேக் ரப்பர் மாற்ற இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு எழுந்து போயிருக்க வேண்டும். கை சும்மா இருந்தால்தானே! பெடல் அச்சுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், பிளேடு முனையால் காசு அகலத்துக்குச் சுரண்டினேன். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. அடுத்தவன் சைக்கிள் கையில் கிடைத்தால் அடியில் என்ன நிறம் என்று பார்க்காமல் தூக்கம் வராது. பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. மழை விட்ட மறுநாள் காலை வானம் இருக்குமே, அந்த நீலம். இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். தங்கக் கோடு. ஐம்பதுகளில் வந்த இத்தாலிய பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு நல்லது செய்யப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாதி உண்மை. அவர் வாயாலேயே 'இதுதானா அசல், இத்தனை நாள் தெரியாமப் போச்சே' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மீதிப் பாதி அதுதான்.

வேலை தொடங்கும் முன் இருக்கிற நிலையைப் படம் எடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவனே நான். சுற்றிச் சுற்றி எடுத்தேன். பாருக்கு அடியில், சேணத்துக்குப் பக்கத்தில், பெயிண்ட் காயும் முன்னே யாரோ பிடித்த மாதிரி விரல் தடங்கள். நாலு குழி ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் கட்டைவிரல். ரேகைகூடத் தெரிந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கிட்டத்தில் வைத்து, அருமையாக ஒரு படம் எடுத்தேன். அதைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு கீழே எழுதினேன்: "பூசிமெழுகுவது எப்படி? பாடம் ஒன்று. பெயிண்ட் காய்வதற்குள் விரல் வைக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்துத் தள்ளினார்கள். "என் மாவுலகூட இவ்ளோ விரல் பதியாதுப்பா" என்று எவெலியோ எழுதினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து குஸ்தோதியோவும் எழுதினார்: "ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு. நன்றி டோன் சதுர்னினோ." மனுஷனுக்குச் சொரணையே இல்லையா என்று நினைத்தேன். அந்த ஒரு வரியிலும் ஒரு எழுத்துப் பிழை. திருத்தி, சரியான எழுத்தைக் கீழே போட்டேன்.

மறுநாள் தின்னரும் பஞ்சும் பிளேடுமாக உட்கார்ந்தேன். பதினோரு நாள். விரல் பதிந்த இடத்தில் பச்சை திட்டுத் திட்டாக நின்றது, சீக்கிரம் விடவில்லை. அங்கே மட்டும் ரெண்டு தடவை தின்னர் வைத்துத் துடைத்தேன்.

திருநாளன்று சர்ச் மைதானத்தில் காலையிலிருந்தே ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. லாரிகளுக்கெல்லாம் பூ. எங்கள் வரிசையில் அவருடைய சைக்கிளை ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடி நிறுத்தியிருந்தேன். அட்டையையும் அழகாக எழுதிக் கட்டிவிட்டேன். அவரும் இஸ்மேனியாவும் மெதுவாக நடந்து வந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார், கம்பளிப் போர்வை தோளில் தொளதொளவென்று கிடந்தது.

"கண்ணை மூடிக்கோங்க டோன் குஸ்தோதியோ!" என்று கத்திவிட்டுத் துணியை உருவினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். எவெலியோ பெல்லை அடித்தார். அன்றைக்கு அது எனக்குப் பிடித்தது. நீலம் வெயிலில் அப்படி இருந்தது!

குஸ்தோதியோ நீலத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, பாருக்கு அடியில் கையைக் கொடுத்துத் தடவினார். முன்னுக்கும் பின்னுக்கும் தடவினார். பிறகு கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். இஸ்மேனியாவும் அதே இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"டோன் சதுர்னினோ, இங்க இருந்துச்சே, அது எங்க?"

"எது டோன்யா?"

"மிலேனாவோட விரல்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இஸ்மேனியாவே சொன்னார், குரலை உயர்த்தாமல். "கேட்டுக்கு அடிச்சு மிஞ்சினதை இவரு சைக்கிளுக்கும் அடிச்சாரு. காயட்டும் காயட்டும்னு சொல்லச் சொல்லக் கேக்காம ஓடி வந்து பாரைப் பிடிச்சுத் தொங்கினா. கையெல்லாம் பச்சை. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே கழுவி விட்டோம். அந்த மாசமே காய்ச்சல் வந்துடுச்சு."

அவர்கள் மகள் மிலேனாவை எனக்கும் தெரியும். ஆறு வயசு. இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் ஊரே நடந்தது, நானும்தான் நடந்தேன். குஸ்தோதியோவின் விரல் ஒவ்வொன்றும் மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்தக் குழிகளோ பட்டாணி அளவு. ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன், இவ்வளவு பெரிய கைக்காரன் சைக்கிளில் இவ்வளவு சின்ன விரல் யாருடையது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம்போல இருந்தது.

அதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். அட்டையைப் புரட்டிப் படித்தார். "குஸ்தோதியோ சியாசோகே. அசல்!" அவருக்கே சந்தோஷம்.

"இல்லீங்க ஃபாதர்" என்றார் குஸ்தோதியோ. "புதுப்பிச்சது. மாத்திப் படிச்சிடுங்க. தப்பா இருந்தா டோன் சதுர்னினோவுக்குப் பிடிக்காது."

குத்திக் காட்டவில்லை, சத்தியமாக இல்லை. எனக்கு உதவுகிற மாதிரிதான் சொன்னார். பாதிரியார் புதுப்பித்தது என்று படித்துத் தீர்த்தம் தெளித்தார். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்த நீல சைக்கிளை ஊர்வலத்தில் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே போனேன். என் சைக்கிளில் ஏறி உட்காரக் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தேன். பச்சைச் செதில் ஒன்றாவது இருக்காதா என்று தேடினேன். எல்லாம் எப்போதோ குப்பை லாரியில் போயிருந்தது. அப்போதுதான் போனில் இருந்த படம் ஞாபகம் வந்தது. இனி உலகத்தில் மிச்சம் அது ஒன்றுதான். அதன் கீழே என் பாடம் ஒன்று, அதன் கீழே இருபது பேருடைய சிரிப்பு.

மூன்று நாள் போகத் துணிச்சல் வரவில்லை. நாலாம் நாள் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டகம் மாட்டி, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு கேட் அதே பச்சை. திறக்கும்போது விரல் படாமல் முழங்கையால் தள்ளினேன்.

இஸ்மேனியா சூடாகப் பனேலா வெல்லத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கூட ஒரு துண்டு பாலாடைக்கட்டி. எனக்கு! நான் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.

குஸ்தோதியோ படத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கே" என்று தன் போனைக் காட்டினார். திறந்ததும் முன்னால் நின்றது அந்தப் படம்தான். "ஆஸ்பத்திரியில அன்னிக்கே எடுத்து வச்சுக்கிட்டேன். எனக்கு இப்படிக் கிட்டக்க எடுக்கத் தெரியாது. ரேகைகூட விழுந்திருக்கு பாருங்க."

"நான் அதுக்குக் கீழ எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எப்பவும் எழுதறதுதானே. அதை விடுங்க. நீங்க இவ்ளோ கிட்டக்கப் போய் எடுத்திருக்கீங்களேன்னு இருந்துச்சு. மத்தவங்க யாரும் அங்க குனிஞ்சு பார்த்ததே இல்ல." மனைவியைப் பார்த்தார். "இவகிட்டகூடச் சொன்னேன். 'டோன் சதுர்னினோ புள்ளையோட விரலைப் பார்த்துட்டாரு, இனிமே பயமில்ல, பத்திரமா வச்சிருப்பாரு'ன்னு."

டம்ளரை எடுத்தேன், குடிக்கவில்லை. திரும்பக் கீழே வைத்துவிட்டேன். மன்னிச்சுடுங்க என்று சொன்னேனா இல்லையா என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். இந்த வருஷத்திலிருந்து அட்டையில் பெயர் மட்டும்தான் எழுதுகிறார்களாம். குழுவில் நான் போட்ட படத்தையும் பாடத்தையும் அழித்துவிட்டேன். அவர் அனுப்பிய நன்றி மட்டும் அப்படியே இருக்கிறது, அதன் கீழே நான் திருத்திப் போட்ட எழுத்தும்.