இடைவேளைக்கு முன்னால் ஒரு கைதட்டல்

தியேட்டரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாப் படத்தையும் ஓசியில் பார்த்துத் தள்ளுவார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைக்கட்டும். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவள். படம் தொடங்கும்போது, தாமதமாக வந்துவிட்டு என்னையே முறைப்பவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டிக்கொண்டிருப்பேன். என் அண்ணி கேன்டீனில் இருக்கிறாள். படம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அவள் இடைவேளைக் கூட்டத்துக்குப் பாப்கார்ன் பொரிக்க வேண்டும். நான் துண்டு துண்டாகப் பார்த்ததையும் அவள் சுவர் வழியாகக் கேட்டதையும் சேர்த்தால்கூட ஒரு முழுப் படம் தேறாது.

அண்ணியின் மகன், அதாவது என் மருமகன், நடிக்கப் போகிறேன் என்று வேறு ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். கூட்டத்தில் ஒருவன், வரிசையில் ஒருவன், ஹீரோ அடித்து விழுந்தவர்களில் ஒருவன் என்றே காலம் ஓடியது. இந்தப் படத்தில்தான் முதன்முறையாக முகம் தெரிகிற வேடம். அம்மாவிடம் போனில் சொன்னான்: "இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி வருவேம்மா. தியேட்டரே கைதட்டும்."

பொய் இல்லை. தியேட்டரே கைதட்டியது. எதற்கு என்பதைத்தான் பிள்ளை சொல்லவில்லை.

படம் இதுதான். ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து ஒரு போலீஸ் அதிகாரியின் மனைவி சாகிறாள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அமைச்சர். அதிகாரி ஒவ்வொருவனாகத் தேடிப் பழிதீர்க்கிறார். அதே நிலையத்துக்கு இரண்டாவது குண்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒருவன் வருகிறான். அவன்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை. அதிகாரி அவனைச் சுடுகிறார், விசில் பறக்கிறது, இடைவேளை.

அவன் தும்மினால் அண்ணிக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவனும் அதைத் தெரிந்தவன்தான். "அத்தை, நான் சாகறதை அம்மா பார்க்கவே கூடாது. அதுவும் ஜனங்க கைதட்ட, அதை உட்கார்ந்து பார்த்தாங்கன்னா தாங்க மாட்டாங்க. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று என்னிடம் கெஞ்சினான். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டேன். மேனேஜரும் ஆபரேட்டரும் எங்கள் கட்சி.

முதல் நாள் முதல் காட்சியில் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழுந்ததும் அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா? கேட்டியா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். அன்றிலிருந்து இடைவேளையில் யார் வந்தாலும் காகிதக் கூம்பில் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டாள். அவனைச் சுட்டதற்குக் கைதட்டிவிட்டு வந்தவர்கள் அவன் அம்மா கையாலேயே வாங்கித் தின்றார்கள்.

கைதட்டினவர்கள் வாயை மூடிக்கொண்டு தின்றால் பரவாயில்லையே! கேன்டீன் முன்னால் நின்றுதான் அத்தனை நியாயமும் பேசுவார்கள். "அமைச்சரை முதல்ல போட்டிருக்கணும்" என்பார் ஒருவர். "பழிக்குப் பழின்னு போனா இதுக்கு முடிவே கிடையாது" என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆரம்பித்தார். அவர் மனைவி டீயை ஆற்றியபடி, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் சும்மா விட்டுடுவேனா?" என்றாள். மனுஷன் அதற்குமேல் தத்துவம் பேசவில்லை. முகமெல்லாம் வெட்கம். இவர்களை எனக்குப் பிடிக்கும். ஆபத்து கண்ணாடிக்காரன் ஒருவன் ரூபத்தில் வந்தது. "அந்தப் பை தூக்கிட்டு வந்தான் பாருங்க, அந்த நாயை ஒரே குண்டோட விட்டுட்டாங்க" என்றான். "யாரைத் தம்பி சொல்றீங்க?" என்று அண்ணி ஆர்வமாகத் திரும்பினாள். "அண்ணி, பால் பொங்குது!" என்று கத்தினேன். பால் அடுப்பிலேயே இல்லை.

இப்படிக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். ஆனால் தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்குகிற கடைசி நாள் வந்ததே! அன்று மதியம் அண்ணி தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் டிக்கெட்டை நீட்டினாள். காசு கொடுத்து வாங்கியிருந்தாள்.

"கேன்டீனை யாரு பார்க்கறது?"

"மேனேஜர் பார்க்கட்டும். என் பையன் படத்தை நான் பார்க்கக் கூடாதா?"

"கூட்டம் ஜாஸ்தி அண்ணி. சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி. படமும் ஒண்ணும் சரியில்ல."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டிக்கெட்டைக் கிழி."

கிழித்தேன். வேறென்ன செய்ய? கதவைச் சாத்திவிட்டு நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் குண்டு வெடித்தபோது என் கையைப் பிடித்தாள். பிறகு விடவே இல்லை. அதிகாரி ஒருவனைக் கொன்றபோது எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். ஒரு சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். "இளைச்சுட்டான்" என்றாள் என் காதில். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு பாரு."

அவன் காலடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குள் நடந்தான். இசை மாறியது. கேமரா ஒரு கைக்குழந்தையைக் காட்டியது, பெஞ்சில் தூங்கும் கிழவரைக் காட்டியது, மறுபடி பையைக் காட்டியது. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டாள்.

"டேய்! அந்தப் பையைக் கீழ வைடா!"

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பாமலேயே சொன்னார்: "அம்மா, கீழ வெச்சாத்தான் வெடிக்கும்!"

தியேட்டர் கொல்லென்று சிரித்தது. நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவளா உட்காருகிறவள்?

"அப்ப வெளிய எடுத்துட்டுப் போடா! சின்னக் குழந்தைங்க இருக்குடா அங்க! யாருடா உன் கையில இதைக் குடுத்தது?"

இந்தத் தடவை சிரிப்பு குறைந்தது. முன்வரிசைக்காரர் திரும்பினார். "யாரும்மா அது? தெரிஞ்சவனா?"

"என் பையன்" என்றாள் அண்ணி.

அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எனக்கே கேட்டது. அவங்க பையனாம், அம்மாவாம், கேன்டீன்ல இருக்காங்களே அவங்களாம். திரையில் அதிகாரி துப்பாக்கியை எடுத்தார். சுட்டார். எங்கள் ஒட்டடைக்குச்சி பையைக் கட்டிக்கொண்டு அப்படியே சரிந்தான். அதிகாரி மெதுவாக நடந்து வந்தார். கைதட்டுவதற்கென்றே விட்டிருந்த இடம் அது. ஒருத்தர்கூடத் தட்டவில்லை. அவ்வளவு பெரிய ஹாலில் அவர் ஷூ சத்தம் மட்டும் கேட்டது. அந்த முகம் தெரியாத ஜனங்கள் ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ளலாம் போல எனக்கு இருந்தது.

விளக்கு போட்டார்கள். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா, கூட்டம் வந்துடும்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

முன்வரிசைக்காரர் கேன்டீனுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "உங்க பையன் பிரமாதமா நடிச்சிருக்காரும்மா. ஒரு நிமிஷம் நிஜம்னே நினைச்சுட்டேன்."

"நானும்தான்" என்று அவருக்கும் ஒரு கை கூடுதலாகப் போட்டாள். என்னிடம் பேசவில்லை. இவ்வளவு நாள் எல்லாரும் சேர்ந்து ஏமாற்றினால் யார்தான் பேசுவார்கள்?

மாலைக் காட்சிக்குப் புது ஜனம். அவர்களுக்கு என்ன தெரியும்? அண்ணி பாப்கார்ன் மெஷினை மூடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவன்தான். நான்தான் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா..." என்றான். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டலும் விசிலும் கிளம்பின. போனில் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "என்னம்மா சத்தம்?"

"உன்னைச் சுட்டுட்டாங்க."

அண்ணி கூம்புகளை எண்ணாமல் அடுக்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு. படத்துல அந்தப் பையனுக்கு அம்மா இருக்காங்களா?"

"இல்லம்மா. அவனுக்கு யாருமே இல்ல. அப்படித்தான் எழுதியிருந்தாங்க."

"அதானே பார்த்தேன்" என்றாள் அண்ணி.