கண்ணாடி முன் பத்து நாள்

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் சேஃப்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று கத்தியதில் சொந்தப் பெயரை அவரே மறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. அவர் வருகிறார் என்று தெரிந்தாலே, இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் ஹெல்மெட்டுகள் அவசர அவசரமாகத் தலையேறும். பேச்சுதான் வராது. போன வருடம் பாதுகாப்பு தினத்தில் மேடையேறி, தீயணைக்கும் கருவியைப் பிடிக்கும் முறையைத் தாளைப் பார்த்து இருபது நிமிடம் வாசித்தார். சிறப்பு விருந்தினர் குறட்டை விட்டார். அது மைக்கிலும் கேட்டது.

ஜெனரல் மேனேஜருக்கு மானம் போய்விட்டது. விபத்து நடந்தால்கூட அறிக்கை எழுதிச் சமாளித்துவிடுகிற மனிதர். குறட்டைக்கு என்னவென்று அறிக்கை எழுதுவார், பாவம். இந்த வருடமும் இதே கதி என்றால் கோடவுனில் அட்டைப்பெட்டி அடுக்கப் போகலாம் என்று சேஃப்டியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கூடவே பெரிய மனது பண்ணி, பேச்சுக்கலைப் பயிற்சியாளர் ஒருவரையும் வரவழைத்தார். பத்து நாள் பயிற்சி.

பயிற்சியாளர் வாழ்க்கையில் ஒரு பட்டறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். பாதுகாப்பு என்பது ஓர் உணர்வு என்றார். தோள் நிமிர வேண்டும், கை பேச வேண்டும், புன்னகை கண் வரைக்கும் ஏற வேண்டும், எதையும் சொல்லக்கூடாது, செய்து காட்ட வேண்டும் என்றார். இதெல்லாம் படிய, வேலை நேரம் முழுக்க ஆளுயரக் கண்ணாடி முன் நிற்க வேண்டுமாம். அப்படியென்றால் ரவுண்ட்ஸ் யார் போவது என்று சேஃப்டி மென்று விழுங்கினார். பத்து நாளில் எந்தக் குடி முழுகிவிடும் என்று கேட்டார் ஜெனரல் மேனேஜர்.

வீட்டிலும் கண்ணாடிதான். உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால், உள்ளங்கையை விரித்து, அவள் கண்ணை உற்றுப் பார்த்துப் பதில் சொன்னார். அவள் பயந்தே போனாள். அவளுடைய தம்பி பிரஸ் ஷாப்பில்தான் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. தொழிற்சாலைக்குள் மாமா என்று கூப்பிடக்கூடாது, சார்தான் என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அந்தப் பத்து நாளில் இரண்டு முறை அவன் ஏதோ சொல்ல வந்து, பின்னால் நின்று நகத்தைக் கடித்தான். பயிற்சி நடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தபடியே அனுப்பிவிட்டார் மாமா.

பாதுகாப்பு தினம் வந்தது. பிரஸ் ஷாப்பிலேயே மேடை. சேஃப்டி பேசப் பேச அவராலேயே நம்ப முடியவில்லை. விருந்தினர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். ஜெனரல் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கடைசியில் செய்து காட்டும் கட்டம். மேடையை ஒட்டியிருந்த மச்சானின் பிரஸ் பக்கம் போனார். அதற்கு இடதும் வலதுமாக இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அடியில் மாட்டிக்கொள்ளக் கை ஏது? அதுதான் ஏற்பாடு.

"ஒத்தைக் கையால அழுத்தினா இது இறங்காது," என்றார் புன்னகையோடு. "வேணும்னா பாருங்க, என் கையையே வைக்கிறேன்."

இடது கை இரும்புக்கு அடியில் போனது. வலது கை பொத்தானுக்குப் போனது.

"மாமா, கையை எடுங்க!"

கூட்டத்துக்குள்ளிருந்து வந்த அந்த அலறலில் இடது கை வெடுக்கென்று வெளியே வந்தது. வலது கை அழுத்திவிட்டது. இரும்பு இறங்கிய சத்தத்தில் மேடை அதிர்ந்தது.

பலத்த கைதட்டல். எவ்வளவு தத்ரூபம் என்று வியந்தார் விருந்தினர். ஆளை விட்டுக் கத்தச் சொன்னது யார் யோசனை என்று ஜெனரல் மேனேஜர் கேட்க, பயிற்சியாளர் அடக்கமாகத் தலை குனிந்து அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டார்.

சேஃப்டி குனிந்து இடது பொத்தானைப் பார்த்தார். வேலை வேகமாக நடக்க, அழுத்தியபடியே இருக்கும்படி ஒரு மரச்சில்லைச் செருகியிருந்தார்கள். இதைச் சொல்லத்தான் மச்சான் இரண்டு முறை வந்து நின்றிருக்கிறான். ஒரு கும்பிடு போட்டு இறங்கிவிட்டால் உத்தியோகம் பிழைக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். சில்லைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார்.

"கை தட்டாதீங்க," என்றார். குரல் உடைந்தது, தோள் தொங்கியது. "இது நாடகம் இல்ல. பத்து நாளா நான் இந்தப் பக்கமே வரல. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். அவன் கத்தலைன்னா என் கை போயிருக்கும். இல்லைன்னா என்னைக்காவது அவன் கை."

ஜெனரல் மேனேஜர் மைக்கைப் பிடுங்கத்தான் எழுந்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு ஆபரேட்டர் எழுந்து, யாரையும் பார்க்காமல் தன் பிரஸ்ஸிடம் போனார். பொத்தானிலிருந்து எதையோ பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்னும் இரண்டு பேர். விருந்தினர் பார்த்துக்கொண்டே இருக்க, அந்த வரிசையில் சில்லைப் பிடுங்காத பிரஸ் ஒன்றுகூட மிச்சமில்லை.