முன்பக்கம் வாடகைக்கு

நிரோஷினியின் புருஷன் றிக்சனுக்கு வீடு வாங்கும் யோசனையைக் கொடுத்தது கைபேசியில் வந்த ஒரு வீடியோ. வங்கிக் கடனில் வீட்டை வாங்கு, ஒரு பக்கத்தில் நீ இரு, மற்றப் பக்கத்தை வாடகைக்கு விடு, கடனை அந்த வாடகையே கட்டும். பேசியவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவனுக்கென்ன, குசினி அடுப்போடு ஒண்டிக் கிடக்கப் போகிறவன் அவனா?

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் திருகோணமலையில் பிறத்தியார் வீடுகளின் பின்னறைகளிலேயே காலம் தள்ளியவர்கள். ஒக்ரோபர் பிறந்தால் கோயில் பங்கிலுள்ள வீடுகளுக்கு மாதா சுரூபம் முறைபோட்டு வரும். ஒரு வீட்டில் ஓரிரவு தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போகும். வீட்டுக்காரர் முன்னறையில் மாதாவை வைத்திருக்க, நிரோஷினி ஓரமாக நின்று ஜெபமாலை சொல்லுவாள். என் வீட்டு முன்னறைக்கு மாதா அம்மா என்றைக்கு வருவா என்று ஏங்கி ஏங்கியே வருடங்கள் போயின.

அதனால், துறைமுகத்தடியில் வீடு கைக்கு வந்த ஞாயிறே ஓடிப்போய், மாதா வரவென்று பங்கில் பெயர் கொடுத்துவிட்டாள். அவசரக்காரி! பின்பக்கத்தைக் கேட்டு ஒரு குருவிகூட வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் கேட்டார்கள்.

"முன்னுக்குக் குடுத்தாத்தான் கடன் கட்டலாம். கொஞ்சக் காலந்தானே," என்றான் றிக்சன்.

"ஓம்," என்றாள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக் குசினியோடு ஒதுங்கினாள்.

மாதா வரும் நாள் நெருங்கியது. வெட்கத்தை விட்டு, மாதாவை முன்னறையில் வைக்கலாமோ என்று முன்பக்கம் குடியிருந்த டிலக்சனாவிடம் போய்க் கேட்டாள். டிலக்சனா சைவப் பிள்ளை.

"இதுக்குப் போய்க் கேக்கிறியளே அக்கா? உங்கட வீடுதானே. இரவும் இஞ்சயே தங்கட்டும்."

சொன்னதோடு நில்லாமல், முன்னறையைக் கழுவி, மேசைக்கு வெள்ளைத்துணி விரித்து, பூவும் வைத்தாள் அந்தப் பிள்ளை.

அன்று மாலை வீடு கொள்ளாத சனம். ஜெபமாலை முடிந்து, தேத்தண்ணி குடித்து எல்லோரும் கலைந்தார்கள். நிரோஷினிக்கு மட்டும் எழும்ப மனமில்லை. கதிரையில் இருந்தபடியே சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். என்ர வீடு, என்ர வீடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் டிலக்சனாவின் புருஷன் கிரிசாந் வேலையால் வந்து, அவளைக் கண்டு வாசலிலேயே தயங்கி நின்றான்.

"இருங்கோ அக்கா, இருந்திட்டு ஆறுதலாப் போங்கோ," என்றான், மரியாதையாகத்தான்.

வந்த விருந்தாளிக்குச் சொல்லும் பேச்சு. நிரோஷினி எழுந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

"அம்மாவை இஞ்சால கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டான் றிக்சன்.

"குசினிக்குள்ள வைக்க மனம் வரேல்லையப்பா." அவள் அடுப்படி ஓரமாகப் பாயை உதறி விரித்தாள். "அவவெண்டாலும் எங்கட வீட்டு முன்னறையில படுக்கட்டும்."