சீனம் மட்டுமே தெரிந்த டீச்சர்

யூட்டாவின் அந்தத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குக் காலையில் ஆங்கிலம், மதியம் சீனம். சீன டீச்சர் லான்யிங்குக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்று இருபத்தாறு பிள்ளைகளும் சத்தியமாக நம்பினார்கள். தெரிந்தால் ஒருத்தரும் சீனத்தில் வாய் திறக்க மாட்டார்களாம், அதனால் தெரியாததுபோலவே இருக்க வேண்டும் என்று பள்ளியில் ஒரு விதி. பெற்றோரிடம் பேசுவதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். ஆறு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டு நடிக்கிறாள்.

அதை நம்பித்தான் ஏழு வயது மேரன் தினமும் பென்சில் சீவுகிற சாக்கில் வந்து, மனசில் கிடப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டுப் போவாள். படுக்கை நனைந்தது, அம்மா குழாயைத் திறந்துவிட்டு அழுதது, எல்லாம். லான்யிங் ஒன்றும் புரியாதவள்போலத் தலையாட்டுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேரன் வந்தாள்.

"லாவ்ஷி, உங்களுக்குத்தான் புரியாதே, அதனால சொல்றேன்." டீச்சரைப் பிள்ளைகள் லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவார்கள். "அப்பா பின்கேட்ல நிப்பாரு. அம்மாவுக்குத் தெரியாது. கனடாவுக்குப் போறோம், திரும்பி வரவே மாட்டோமாம். என் முயல் பொம்மையக்கூட பையில வெச்சுட்டேன்."

மேரனை அப்பாவிடம் விடக்கூடாது என்ற கோர்ட் உத்தரவு லான்யிங்கின் மேஜை டிராயரிலேயே கிடந்தது. அப்போதே ஆங்கிலத்தில் பேசித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், சீனம்தான் வாயில் வந்தது.

"இன்னிக்கு உன்னக் கூட்டிட்டுப் போக யாரு வர்றாங்க? அம்மாவுக்குத் தெரியுமா?"

மேரனுக்குச் சீனத்தில் தெரிந்ததெல்லாம் பழம், நிறம், மழை, குடும்பம். பாடம்தான் கேட்கிறார்கள் என்று விறைப்பாக நின்றாள்.

"என் அப்பா வருகிறார். எனக்கு அப்பாவைப் பிடிக்கும்," என்று பிழையில்லாமல் சீனத்தில் சொன்னாள். வகுப்பே கைதட்டியது.

லான்யிங் சுவர் போனை எடுத்து ஆபீசுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. பக்கத்து அறையின் ஆங்கில டீச்சர் சின்ன வகுப்புப் பிள்ளைகளை முன்கூட்டியே பஸ் ஏற்றிவிடப் போயிருந்தாள். மறுபடி போனை எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் திபுதிபுவென்று வெளியே பாய்ந்தார்கள். மேரனைக் காணவில்லை.

கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடினாள். பின்கேட்டில் நீல டிரக்கின் கதவு திறந்திருந்தது.

"மேரன், நில்லு!" அதுவும் சீனத்தில்தான். மேரன் சிரித்துக்கொண்டே கையாட்டினாள். ஒரு காலைப் படியில் வைத்தாள்.

அவ்வளவுதான், லான்யிங்குக்குள் ஏதோ உடைந்தது. ஆங்கிலத்தில் கத்தினாள்.

"மேரன், அந்த வண்டியில ஏறாதே! யாராவது வாங்க, அந்தாளு அவளக் கூட்டிட்டுப் போகக்கூடாது!"

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேரன் படியில் வைத்த காலை அப்படியே எடுத்துக் கீழே வைத்தாள். காவலாளி ஓடி வருவதைப் பார்த்ததும் டிரக் பறந்துவிட்டது.

அம்மா வரும்வரை மேரனை ஆபீசில் உட்காரவைத்தார்கள். லான்யிங் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது கண்ணு."

"படுக்கை நனைஞ்சதுமா?"

"ஆமா."

மேரன் பையிலிருந்த முயலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் சிவந்துபோயிருந்தது. லான்யிங் ஆங்கிலத்தில் கெஞ்சினாள். "என்னை மன்னிச்சிடும்மா. உன்னைக் காப்பாத்தத்தான் கத்தினேன். ஏதாவது பேசேன்."

மேரன் சுவரைப் பார்த்தபடி, முதல் நாள் பாடத்திலேயே லான்யிங் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சுத்தமான சீனத்தில் சொன்னாள்.

"எனக்குப் புரியவில்லை, லாவ்ஷி."