ஆமைத் தண்ணீர்

என் கணவன் சவுரோ பல் மருத்துவன். படித்தவன், நான்கு ஊர் பார்த்தவன், மேசைக்கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரிந்தவன். ஆனால் சியேனாவின் மதிலுக்குள் காலெடுத்து வைத்த நிமிடத்திலிருந்து அவன் ஒரு நத்தை. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் நத்தைப் பேட்டையில் பிறந்தவன், அதைவிடப் பெரிய பட்டம் அவனுக்கு வேறு கிடையாது. எங்கள் ஊரில் பதினேழு பேட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு நீரூற்று, வருடத்துக்கு இரண்டு தடவை ஓடுகிற பந்தயத்தில் மானத்தை அடகு வைக்க ஒரு குதிரை. பெரும்பாலும் ஒரு பகையும் உண்டு. நத்தைக்குப் பகை ஆமை. நான் ஆமை.

எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மற்ற ஊர்க்காரர்கள் எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்று பேசுகிற நேரத்தில், நானும் சவுரோவும் பிறக்காத பிள்ளைகளைப் பாகம் பிரித்துக்கொண்டோம். முதல் பிள்ளை நத்தை, இரண்டாவது ஆமை. இரண்டு வீட்டாரும் எங்கள் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டார்கள். அன்றைக்கே யாராவது எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியிருக்க வேண்டும்.

மூத்தவன் நேரி பிறந்து ஆறு வாரத்தில் நத்தைப் பேட்டை நீரூற்றில் அவன் தலையில் தண்ணீர் விட்டு அவனை நத்தையாக்கி, கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமான துணியைக் கட்டிவிட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தவள், வாயை மூடிக்கொண்டு கைதட்டினேன். அப்புறம் அல்மா பிறந்தாள். ஆமைப் பேட்டையில் தண்ணீர் விடுவது வருடத்தில் ஒரே ஒரு நாள், ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருவிழாவில். முதல் வருடம் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை என்றான் சவுரோ. இரண்டாம் வருடம் காதில் சீழ். மூன்றாம் வருடம் லிவோர்னோவில் இருக்கிற அவன் அத்தைக்குத் திடீரென்று எங்களையெல்லாம் பார்க்காமல் உயிர் போய்விடும் போலிருந்தது. அத்தை இன்னும் கல்லுக்குண்டாக இருக்கிறாள்.

இது நான்காவது வருடம். அல்மாவுக்கு விவரம் வந்துகொண்டிருந்தது. இதையும் விட்டால் அவள் அண்ணனைப் பார்த்து, நானும் நத்தை என்று சொல்லிவிடுவாள், அதோடு என் கதை முடிந்தது. சவுரோவுக்கு அது தெரியும். அதற்காகத்தான் அவன் காத்திருந்தான்.

பதினோரு மணிக்குத் தண்ணீர். ஒன்பது மணிக்கே பிள்ளைகளைக் கிளப்பினேன். அல்மாவுக்கு வெள்ளைக் கவுன். என் பையில் அவளுக்கான நீலமும் மஞ்சளுமான துணி, இஸ்திரி போட்டு மடித்து. நாங்கள் குடியிருப்பது வடக்கு மதிலுக்கு வெளியே. ஆமைப் பேட்டை தெற்குக் கோடியில்.

"நேராப் போனா அரை மணி நேரம். குட்டிக் காலுக்கு முக்கால் மணி" என்றேன்.

"இன்னைக்குப் பிள்ளைங்களுக்கு ஊரைக் காட்டிக்கிட்டே போலாமே வன்னா" என்றான் சவுரோ. "நேரியோட டீச்சர் சொல்லியிருக்காங்க, சொந்த ஊரை நடந்து பாருங்கன்னு."

"இன்னைக்குத்தான் பாக்கணும்னு டீச்சர் தேதி போட்டுக் குடுத்தாங்களா?"

"வெயில் இதமா இருக்கு, பாரு."

ஜூன் மாத வெயில். கல்லில் முட்டை பொரிக்கலாம். ஆனாலும் சரி என்றேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஊரைக் காட்ட வேண்டாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? அதையும் கணக்குப் பண்ணித்தான் அவர்கள் முன்னால் கேட்டிருக்கிறான்.

கமோலியா வாசலில் அவன் முதல் பாடத்தை ஆரம்பித்தான். வாசலின் மேலே லத்தீனில் வெட்டியிருக்கிறதை நேரிக்குப் படித்துக் காட்டினான்: இந்தக் கதவைவிட அகலமாகச் சியேனா உனக்குத் தன் நெஞ்சைத் திறக்கிறது. குரலைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னான். பெற்ற மகளின் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விழப் பொறுக்காதவனுக்கு நெஞ்சு அகலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நேராகப் போகிற தெருவை விட்டுவிட்டு வலது பக்கம் திரும்பினான். "ஃபோன்டெபிராந்தாவைப் பாக்காம எப்படி?" அது பள்ளத்தில் இருக்கிற பழைய நீர்நிலை, வாத்துப் பேட்டைக்காரர்களுடையது. இறங்குவதற்குச் செங்குத்தான படிகள். நேரி தங்கை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "குதிக்காதே, ஒவ்வொண்ணா வை" என்று கிழவன் மாதிரி அதட்டிக்கொண்டே இறக்கினான். அவனுக்கு ஏழு வயது. காலை முழுக்க, மேடு வந்தாலும் பள்ளம் வந்தாலும், நாங்கள் கேட்காமலே அவன் கை அவள் கையைத் தேடிப் போனது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறோம்.

கீழே போய் மீனைப் பார்த்தார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னான் அவன். மீன் என்ன வரிசையிலா நிற்கும்? இருபது நிமிடம் போனது. அப்புறம் ஏற்றம். பாதியில் அல்மா உட்கார்ந்துவிட்டாள். சவுரோ அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். எதிரே வந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் அதைப் பார்த்து உருகி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்ல தகப்பனாம். அந்த நல்ல தகப்பன் ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்று, ஜன்னலையும் சின்னத்தையும் காட்டிக்கொண்டிருந்தான். வாத்தைக் காட்டினான், கோபுரத்தைக் காட்டினான், கழுகைக் காட்டினான். ஆமையை மட்டும் காட்டவே இல்லை.

பெரிய சதுக்கத்துக்கு வந்தபோது மணி பத்தே கால். பிள்ளைகள் சரிவில் ஓடினார்கள், புறாவைத் துரத்தினார்கள், செங்கல் தரையில் உருண்டார்கள். வெள்ளைக் கவுன் செம்மண் நிறமானது. இதற்குள் சவுரோ காணாமல் போய், கையில் ஐஸ்கிரீமோடு வந்தான். அல்மாவுக்கு ஸ்ட்ராபெரி. கொடுத்த ஐந்தாவது நிமிடம் அது அவள் மார்பில் வழிந்தது.

"வேணும்னே வாங்கினியா?"

"நான் என்ன பண்ண? பிஸ்தா தீந்துபோச்சாம்."

"பல் டாக்டர் காலையில பத்தரைக்குப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கிறான். ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். பின்பக்கம் மார்க்கெட் மேடையில இருந்து பாத்தா வயலெல்லாம் தெரியும், ஒரு நிமிஷம் போயிட்டு..."

"சவுரோ" என்றேன். "லிவோர்னோ அத்தை கதையெல்லாம் இந்த வருஷம் நடக்காது. நட."

நடந்தான். பின்னாலிருந்து நான் ஓட்ட, முன்னால் அவன், தோளில் தூங்கி விழுகிற அல்மா, பக்கத்தில் நேரி. கழுகுப் பேட்டையின் தூண் இருக்கிற நாற்சந்திக்கு வரும்போது பதினொன்று பத்து. அங்கிருந்து ஒரே தெரு. கொஞ்ச தூரம் போனால் இரண்டு பக்கச் சுவரிலும் நீலமும் மஞ்சளுமாக ஆமைக் கொடிகள். முதல் கொடிக்கு நான்கு அடி முன்னால் சவுரோ நின்றுவிட்டான்.

"இனிமே நீ கூட்டிட்டுப் போ. நான் தூண்கிட்ட இருக்கேன்."

அதை நான் எதிர்பார்த்தேன். திருவிழா அன்றைக்கு ஒரு நத்தை ஆமைக் கொடிக்குக் கீழே நடந்தால் அவன் பேட்டைக்காரர்கள் அவனை ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவார்கள். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை ஒரு துணிக்குப் பயந்து தெருவில் நிற்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாகக்கூட இல்லை, பழகிவிட்டது. அல்மாவை இறக்கி எழுப்பினேன். நேரியின் கையைப் பிடித்தேன்.

நேரி கையை உருவிக்கொண்டு கல்தரையில் சப்பென்று உட்கார்ந்தான். சட்டைக்குள்ளிருந்து எதையோ இழுத்து வெளியே போட்டுக்கொண்டான். சிவப்பும் மஞ்சளுமான துணி. காலையிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"நான் வரமாட்டேன்" என்றான். "அவளும் போகக் கூடாது."

"ஏன்டா?"

"தண்ணி ஊத்திட்டா அவ ஆமை. ஆமை எனக்கு எதிரி. எதிரி கையை நான் பிடிக்க மாட்டேன்."

சவுரோவைப் பார்த்தேன். "நீ சொல்லிக் குடுத்ததா?"

"சத்தியமா இல்ல. அவனுக்கே தோணியிருக்கு."

சத்தியமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை ஓடியது. ஒரு குழந்தை தன் தங்கையை எதிரி என்கிறது, பெற்றவன் அதைக் கேட்டுப் பூரிக்கிறான். அதை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் ஒரு மனிதனை இவ்வளவு கேவலமாக நான் நினைத்ததில்லை. "தூ" என்று சொல்லிவிட்டு அல்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நீரூற்றைச் சுற்றிப் பேட்டையே நின்றது. பதினோரு பிள்ளைகள் முடிந்து, தலைவர் அதேமாரோ துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஊருக்கெல்லாம் மின்விசிறி மாட்டுகிறவர், ஏழாம் நாள் ராஜா.

"வாம்மா வன்னா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். "நாலு வருஷமா வழி தெரியாம சுத்துனியா? நிஜ ஆமைகூட இதுக்குள்ள வந்திருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அல்மாவை விளிம்பில் நிறுத்தினேன். ஐஸ்கிரீம் கறையோடு, வழியில் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒரு கால் செருப்போடு நின்றாள். அதேமாரோ கையில் தண்ணீரை அள்ளினார்.

"தாத்தா, இரு" என்றாள் அல்மா. "இதை ஊத்தினா அண்ணன் என் கையைப் பிடிப்பானா?"

"உங்க அண்ணன் யாரும்மா?"

"நேரி. அவன் நத்தை."

கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. அதேமாரோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நத்தைக்குக் கை ஏது கண்ணு? சளிதான் இருக்கு!"

நீரூற்றே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு வருட ஆத்திரமும் அந்தச் சிரிப்பில் வந்தது. அல்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்ததும் அவளும் சிரித்தாள். தலையில் தண்ணீர் விழுந்தது. கழுத்தில் துணியைக் கட்டும்போது அழுதேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது இரண்டு நத்தைகளும் தூண் படியில் உட்கார்ந்திருந்தன. நேரி அழுதிருந்தான், கன்னத்தில் கோடு இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தான். தங்கையின் ஈரத் தலையைப் பார்த்தான், கழுத்துத் துணியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அவனுக்குள் என்ன வழக்கு நடந்ததோ, ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தான் என்று தெரிந்தது. தன் துணியை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். கையை நீட்டினான்.

"சரி வா. மேட்டுல மட்டும் பிடிச்சுக்கறேன். இல்லேன்னா விழுவே."

அல்மா தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"உனக்குக் கையே கிடையாது" என்றாள். "சளிதான்."

சவுரோ என்னைப் பார்த்தான். அல்மாவின் முதுகில் ஒன்று வைத்து, அண்ணனிடம் மன்னிப்புக் கேள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் என் நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது. என் மகள், என் ஆமை, கால் மணி நேரத்தில் என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று உள்ளே ஒருத்தி பூரித்துக்கொண்டிருந்தாள். அது என் முகத்துக்கு வந்துவிட்டது. மறைக்க எனக்கும் தெரியவில்லை.

அதை நேரி பார்த்துவிட்டான். நீட்டிய கையை அவன் இறக்கவில்லை. இன்னொரு கையையும் நீட்டி, இரண்டையும் திருப்பித் திருப்பி என்னிடம் காட்டினான்.

"இருக்கில்லம்மா?" என்று கேட்டான்.